ஹராரியார் மனித சரித்திரமும் உயிருண்மையும்

உயிர் என்றொரு பொருள் இல்லை என்பார் எக்காலத்தும் உளர். அவர் கூற்றைப் பூர்வபக்கமாக வைத்து ஆராய்ந்து மறுத்தல் நம் ஆசாரியர்கள் தொன்றுதொட்டுச் செய்துவந்த தொண்டு. இக்காலத்து அக்கூற்று தருக்க நூலின் வாயிலாக வாராது சரித்திர நூலின் வாயிலாக வருகின்றது. அதனால் அஃது ஒரு கொள்கையென்றே அறியப்படாமல், நடந்த செய்தியென்னும் பெயரோடு படிப்பார் உள்ளத்திற் புகுந்துவிடுகின்றது. அத்தகைய நூல்களுள் இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயிலப்படுவன யுவால் நோவா ஹராரி என்பார் இயற்றியவை.

இவர் 1976-ஆம் ஆண்டு இஸ்ரேல் நாட்டிற் பிறந்தவர். ஆக்ஸ்போர்டிற் பயின்று 2002-இல் டாக்டர் பட்டம் பெற்று, எருசலேம் எபிரேயப் பல்கலைக் கழகத்தில் சரித்திர ஆசிரியராக அமர்ந்தவர். முதற்கண் இவர் ஆராய்ந்தது ஐரோப்பாவின் இடைக்காலப் போர்களின் வரலாறே. பின்னர் மனித இனம் முழுமைக்கும் சரித்திரஞ் சொல்லப் புகுந்து, ‘சேப்பியன்ஸ்’ என்னும் நூலை 2011-இல் எபிரேய மொழியிலும் 2014-இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். அந்நூல் அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டுள்ளது, தமிழிலும் உண்டு. கழிந்த காலத்தை அந்நூலிற் கூறியவர், வருங்காலத்தை ‘ஹோமோ டியூஸ்’ என்னும் அடுத்த நூலிற் கூறினார். அஃது ஆங்கிலத்தில் 2016-இல் வந்தது. அப்பெயருக்கு ‘மனிதக் கடவுள்’ என்பது பொருள். 2024-இல் ‘நெக்ஸஸ்’ என்பதும் வந்தது.

யாம் இவற்றைப் படிக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுதல் நன்று. யாம் பள்ளியிற் பாடஞ் சொல்லிய காலத்து எம்மிடம் பயின்ற ஒருவர், இப்போது கணினித் தொழிலில் இருப்பவர், சென்ற மார்கழியில் எம் இல்லத்திற்கு வந்து முதலிரண்டு நூல்களையும் எம்முன் வைத்து, ‘ஐயா, சிறு வயது முதல் திருநீறு இட்டு வருகிறேன், இவற்றைப் படித்தபின் இடும்போது கை கூசுகிறது. இவற்றிற்கு நம்மிடம் விடை உண்டா, இல்லையா? உண்டென்றால் சொல்லுங்கள், இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்’ என்றார். யாம் அன்று விடை கூறவில்லை. மூன்று திங்கள் அகராதியுங் கையுமாக இருந்து அவற்றைப் படித்தோம்.

நம்மவருட் சிலர் இத்தகைய நூல்கட்குக் கூறும் விடைகளையும் அக்காலத்து விசாரித்தோம், வெட்கமே மிஞ்சிற்று. ஒரு சாரார் நூலைத் தொடாமலே நூலாசிரியரை வைது ஒழிகின்றனர். அவர் பிறந்த குலத்தையும் நாட்டையும் இழுத்துப் பேசுகின்றனர். மற்றொரு சாரார், ‘இவையெல்லாம் நம் ஆகமங்களில் முன்னரே உள்ளன, கணினியும் அணுவும் நம் முன்னோர் கண்டனவே’ என்று மேடையில் முழங்குகின்றனர். முன்னது வசை. பின்னது பொய். பரபக்கஞ் செய்த அருணந்தி சிவாசாரியர், உலகாயதன் முதலாகப் பதினான்கு மதத்தார் கூற்றையும் அவரவர் கூறுமாறே முன்னர் எடுத்தோதிப் பின்னரன்றோ மறுத்தருளினார்! அம்முறை மறந்தார்க்குச் சித்தாந்தி என்னும் பெயர் உரியதாமோ என்பதை அவர்களே எண்ணிப் பார்க்க.

இனி, அவர் கூற்று வருமாறு. ஏறக்குறைய 70,000 ஆண்டுகட்கு முன் மனிதனிடத்துப் புதியதோர் ஆற்றல் தோன்றிற்று. அது கண்ணாற் காணாத பொருள்களைப் பற்றிப் பேசும் ஆற்றல். ஜெர்மனி தேசத்து ஸ்டாடெல் குகையிற் கண்டெடுக்கப்பட்ட, சிங்கத் தலையும் மனித உடலும் உடைய தந்தப் பதுமையை இதற்குச் சான்று காட்டுகின்றார். ஏனை விலங்குகள் தம்முட் பழகியவற்றோடே கூடும். மனிதனோ ஒரு பொதுக் கதையை நம்பி, முன்பின் அறியாதார் இலட்சக் கணக்கினரோடும் கூடுவான். பிரான்சு நாட்டுப் பியூஜோ என்னும் மோட்டார்க் கம்பெனியை எடுத்துக்காட்டி, அதன் வண்டிகள் அழியினும் தொழிலாளர் நீங்கினும் கம்பெனி அழியாது, சட்டம் அழிக என்றால் மாத்திரம் அழியும், ஆகவே அது பலர் கருத்தில் மட்டும் உள்ளதோர் கற்பனை என்கின்றார். பொருள்களை அவர் மூவகைப்படுத்துவர்: யார் நம்பினும் நம்பாவிடினும் உள்ளன ஒருவகை, ஒருவன் உள்ளத்தளவில் உள்ளன ஒருவகை, பலர் கூடி நம்புதலால் மட்டும் உள்ளன ஒருவகை. பணம், தேசம், சட்டம், மனித உரிமை, கடவுள் இவையனைத்தும் மூன்றாம் வகையைச் சார்ந்தன என்பது அவர் துணிபு.

அவர் நடை இனிது. கற்பார்க்குச் சலிப்புத் தாராது. ஏறக்குறைய 12,000 ஆண்டுகட்கு முன் தொடங்கிய பயிர்த்தொழிலைச் சரித்திரத்தின் மிகப் பெரிய மோசடியென்று கூறி, கோதுமையே மனிதனைப் பழக்கி அடிமை கொண்டது என்று எழுதியிருக்கும் பகுதியை யாம் நகைத்துக்கொண்டே படித்தோம். தாவரத்திற்கும் உயிர் உண்டென்னும் நாமுங்கூடக் கோதுமைக்கு இத்துணைச் சூழ்ச்சியை ஏற்றிச் சொல்லத் துணியோம்! இப்பகுதியைச் சரித்திர அறிஞர் பலர் உடன்படவில்லை. டேவிட் கிரேபர், டேவிட் வெங்ரோ என்னும் இருவர் 2021-இல் வெளியிட்ட பெருநூலில், மாந்தர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிர்த்தொழிலை மேற்கொண்டும் கைவிட்டும் வந்தனர், ஒரே பாய்ச்சலாக அதனுட் புகுந்தாரல்லர் என்று காட்டியுள்ளனர். அது சரித்திரம் வல்லார் தம்முள் தீர்த்துக்கொள்ளற்பாலது. எமக்கு வேண்டுவது பிறிது.

பணத்தைப் பற்றி அவர் கூறுவதை யாம் மறுக்கவில்லை. நம் நாட்டிலேயே 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய் 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவித்த அளவில், அலமாரியில் இருந்த பொருள் காகிதமானதைக் கண்டோம். ஆயின், பணத்திற்கு ஒத்தது கடவுளுக்கும் ஒக்கும் என்றற்கு அவர் காட்டிய ஏது யாது? பலர் கடவுளை நம்பினர், அந்நம்பிக்கையால் ஒன்று கூடினர் என்பதொன்றே. அஃது ஐயத்திற்கிடமான ஏது. பலர் நம்பிக் கூடுதற்கு இல்பொருளும் காரணமாகலாம், உள்பொருளும் காரணமாகலாம். கார்ப்பருவம் வருமென்று நம்பி ஊரார் அனைவருங் கூடி ஏரிக்கரையை உயர்த்துகின்றனர். அதனால் மழை கற்பனையாய் விடுமோ? யுரேனியத்தினின்று கதிர் எழுதலை 1896-இற் பெக்கரல் கண்டார். அதற்கு முன் ஒருவரும் அதனை நம்பவில்லை. ஆயினும் அஃது இருந்தது என்று அவரே முதல் வகைக்கு உதாரணங் கூறுகின்றார். எனவே ஒரு பொருள் முதல் வகையினதோ மூன்றாம் வகையினதோ என்பது, அதனை எத்துணைபேர் நம்பினர் என்று எண்ணுதலால் துணியப்படுவதன்று. அப்பொருளையே ஆராய்தலால் துணியப்படுவது. அவ்வாராய்ச்சியைச் செய்யாமலே கடவுளை மூன்றாம் வகையிற் கொண்டுபோய் வைத்தார். வைத்தது மேற்கோள், ஏது அன்று. மெய்கண்ட தேவர் தம் முதற் சூத்திரத்திற் பதியுண்மை நிறுவும்போது, பலர் வழிபடுகின்றனர் என்பதனை ஏதுவாகக் கொண்டாரல்லர். ஒருவன் ஒருத்தி ஒன்று எனச் சுட்டியறியப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலையே ஏதுவாகக் கொண்டார். மறுப்பார் மறுக்கவேண்டுவது அவ்வேதுவை.

இனி, உயிரைப் பற்றி இரண்டாம் நூலில் அவர் கூறுவதே இக்கட்டுரைக்கு முதன்மையான பொருள். அவர் கூறுவது இது: அறிவியலார் மனிதவுடம்பின் ஒவ்வொரு மூலையையும் துருவிப் பார்த்தும் ஆன்மாவைக் கண்டிலர். அன்றியும், 1859-இல் டார்வின் வெளியிட்ட பரிணாமக் கொள்கையோடு ஆன்மா பொருந்தாது. கண் பல உறுப்பு உடையது. அவ்வுறுப்புகள் சிறிது சிறிதாக மாறிமாறி இன்றைய கண்ணாயின. ஆன்மாவோ பகுப்பில்லாதது என்கின்றனர். பகுப்பில்லாதது சிறிது சிறிதாக உண்டாதல் யாங்ஙனம்? பாதி ஆன்மா உடைய தந்தைக்கு முழு ஆன்மா உடைய மகன் பிறந்தானோ? ஆகவே ஆன்மா இல்லை.

இவ்வாதத்தைப் படித்தபோது எமக்கு உண்டாயது அச்சமன்று, வியப்பு. பகுப்பில்லாத பொருள் படிப்படியாக உண்டாதல் இயலாது என்று அவர் நிறுவியது முற்றும் உண்மை. அஃதன்றோ நம் சித்தாந்தம்! உயிர் உண்டாக்கப்பட்ட பொருள் அன்று. பதியினைப் போலவே பசுவும் பாசமும் அநாதி. உண்டாவதும் திரிவதும் அழிவதும் மாயையின் காரியமாகிய உடம்பே. அவ்வுடம்பு ஒரே நாளில் வந்ததாயினும், கோடிக்கணக்கான ஆண்டுகளிற் படிமுறையாக வந்ததாயினும், உயிரின் அநாதித் தன்மைக்கு அதனால் ஊறில்லை. அவர் வாதம், கடவுள் உயிரை ஒருகாலத்திற் புதிதாகப் படைத்தார் என்பார்க்கும், மனிதனுக்கு மட்டும் உயிர் உண்டு, விலங்கிற்கு இல்லை என்பார்க்கும் விடுத்த கணை. அவர் பிறந்து வளர்ந்த நாட்டிலும் கற்ற நாட்டிலும் அக்கொள்கையாரே மிக்கவராகலின், அவர்களை நோக்கி எய்தார். எய்த கணை நம் வாயிலுக்கு வரவேயில்லை. வந்துவிட்டதென்று நம் பிள்ளைகள் நடுங்குகின்றனர்.

விலங்குகளின் பொருட்டு அவர் இரங்கிக் கூறியவற்றை இங்கே பாராட்டாமற் செல்லுதல் நன்றியன்று. தொழிற்சாலைபோல் நடத்தப்படும் பண்ணைகளில் பசுவும் பன்றியும் கோழியும் படும் துன்பத்தை விரித்துக் கூறி, மனிதனுக்கே ஆன்மா உண்டென்ற கொள்கை அக்கொடுமைக்குத் துணையாயிற்று என்கின்றார். புல் முதல் தேவர் ஈறாக எண்பத்து நான்கு நூறாயிர யோனி பேதத்தும் உயிர் ஒரு தன்மைத்தே என்னும் நமக்கு இது புதிதன்று. ஆயினும் நம்மிற் பலர் இதனை நாவாற் சொல்லி அமைகின்றோம். அவரோ ஆன்மா இல்லையென்று எழுதிக்கொண்டே புலாலை விடுத்தவர்.

உடம்பிற் றுருவிப் பார்த்தும் ஆன்மா காணப்பட்டிலது என்பதற்கு விடை எளிது. காண்பானைக் காணப்படும் பொருள்களினிடையே தேடினால் எங்ஙனம் அகப்படும்? கண்ணாடியணிந்தவன் அறை முழுதும் தேடியும் தன் கண்ணைக் கண்டிலேன் என்றாற் போலும். இதற்கு மேல் விரிக்க வேண்டுவதில்லை.

ஆனால் அவர் உலகாயதரோடு முற்றும் ஒத்தவரல்லர். ஆன்மா இல்லையென்றவர், உணர்ச்சி உண்டு என்கின்றார். மூளையினுள் ஓடும் மின் அசைவுகள் எங்ஙனம் இன்ப துன்ப உணர்ச்சியாகின்றன என்பதை அறிவியல் இன்னும் அறியவில்லையென்று மறையாது ஒப்புகின்றார். அஃதன்றியும், எது உள்பொருள், எது கற்பனை என்று தெரிந்துகொள்ளுதற்கு ஓர் உரைகல்லும் தருகின்றார்: துன்புறவல்லது எதுவோ அதுவே உள்பொருள். வங்கி முறிந்தால் வங்கி அழுவதில்லை; தேசம் தோற்றால் தேசத்திற்கு நோவில்லை; காலிழந்த போர்வீரனுக்கே நோவு. இவ்வுரைகல்லை யாம் மகிழ்ந்து ஏற்கின்றோம். ஏற்றபின் ஒன்று கேட்கின்றோம்: துன்புறுவது யாது? உடம்பு எனின், பிணமும் துன்புறுதல் வேண்டும். மூளையின் அசைவு எனின், அசைவிற்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பு அறியப்படவில்லை என்றவர் அவரே. எஞ்சியது யாதோ அதனையே நாம் உயிர் என்கின்றோம். அவர் உரைகல்லில் உரைத்தால் முதற்கண் மாற்றுக் காணும் பொன் அவர் இல்லையென்ற ஆன்மாவே.

அவர் இதற்கு விடை கூறுவார்: ‘துன்புறுவான் ஒருவன் இல்லை, துன்ப உணர்ச்சிகளின் ஓட்டம் மட்டும் உண்டு.’ இவ்விடை எங்கிருந்து வந்ததென்பதை அவரே சொல்லியிருக்கின்றார். 2000-ஆம் ஆண்டில் அவர், பர்மாவிற் பிறந்த சத்திய நாராயண் கோயங்காவின் விபாசனைப் பயிற்சிக்குச் சென்றார். அதுமுதல் நாள்தோறும் இரண்டு மணிநேரம் தியானத்தில் அமர்கின்றார். ஆண்டுதோறும் நெடுநாள் மௌனங் காக்கின்றார். ‘ஹோமோ டியூஸ்’ நூலையும் கோயங்காவுக்கே உரிமை செய்துள்ளார். ஆகவே புறத்தே உலகாயதன் மொழியிற் பேசினும், அகத்தே அவர் நிற்குமிடம் புத்தருடையது. பரபக்கத்திற் சௌத்திராந்திகனை நோக்கி எழுந்த வினாக்கள் இவரை நோக்கியும் எழும்.

மௌனத்தில் அமர்ந்து மூச்சு எழுதலையும் ஒடுங்குதலையும் நோக்குகின்றீர். உணர்வு தோன்றிய கணத்தே அழிவதாயின், எழுந்த மூச்சை அறிந்த உணர்வு மூச்சு ஒடுங்குமுன் அழிந்தது. ஒடுங்கிய மூச்சை அறிந்த உணர்வு மூச்சு எழுந்தபோது இல்லை. அவ்விரண்டனையும் தொடர்புபடுத்தி ‘எழுந்தது ஒடுங்கிற்று’ என்று கண்டது எது? ஓட்டம் என்பதை அறிதற்கே ஓடாது நிற்பானொருவன் வேண்டும். தொடர்ச்சியால் அறிந்தேம் எனின், அத்தொடர்ச்சி கணங்களின் வேறோ, அன்றோ? வேறாயின் அதனையே நாம் உயிர் என்கின்றோம். வேறன்றாயின் பழைய குற்றம் பழையபடி நிற்கும்.

‘தான்’ என்பது ஒன்றன்று என்றற்கு அவர் ஒரு சோதனையையும் காட்டுகின்றார். டேனியல் கானமன் முதலிய உளநூலார் 1993-இல் வெளியிட்டது அது. ஒருவன் கையை 14 பாகை வெப்பமுள்ள குளிர்நீரில் 60 நொடி வைக்கச் செய்தனர். பின்னர் மற்றைக் கையை அவ்வாறே 60 நொடி வைத்து, மேலும் 30 நொடி அந்நீரிலேயே இருத்தி, அந்த 30 நொடியில் நீரை 15 பாகைக்குச் சிறிது வெதுப்பினர். மூன்றாமுறை எதனை மீளச் செய்வாய் என்று வினவியபோது, பெரும்பாலோர் துன்பம் மிகுந்த நீண்ட முறையையே விரும்பினர். முடிவு சிறிது இதமாயிருந்தமையால் நினைவு அதனை நல்லதென்று கொண்டது. ஆகவே துய்க்கும் ‘தான்’ வேறு, கதை கட்டும் ‘தான்’ வேறு. இரண்டிற்கும் மேலாக ஒருவன் இல்லை என்பது ஹராரியார் கொள்ளும் முடிபு.

நினைவு பிழைத்தல் உண்மை. பிழைத்தது சித்தம், அஃது அந்தக்கரணங்களுள் ஒன்று. மெய்கண்ட தேவர் நான்காஞ் சூத்திரத்தில், அந்தக்கரணங்களுள் எதுவும் ஆன்மா அன்று என்று விலக்கி, ஆன்மாவும் அவையும் கூடிநிற்றற்கு அரசனையும் அமைச்சரையும் உவமை கூறினார். அமைச்சருள் ஒருவன் நடந்ததைச் சொல்ல, மற்றொருவன் திரித்துச் சொன்னால், அரசன் மதிமயங்கித் தவறு செய்தல் கூடும். அதனால் அரசர் இருவர் ஆவரோ, அரசனே இலன் ஆவனோ? இரு கையின் துன்பத்தையும் ஒருங்கு வைத்து ஒப்புநோக்கி ‘இது வேண்டும்’ என்று தெரிந்தவன் ஒருவன். தவறாகத் தெரிந்தான் என்பது அவன் மலமறைப்பு உடையான் என்றற்குச் சான்றாவதன்றி, இலன் என்றற்குச் சான்றாகாது. உயிர் தானே முற்றுமறியும் என்று நாம் எங்கே கூறினோம்? அறிவித்தால் அறிவது அதன் இயல்பு என்பதன்றோ மூன்றாஞ் சூத்திரத்தின் ஏதுக்களுள் ஒன்று!

இனி மனிதன் கடவுளாதல். பசி, கொள்ளைநோய், போர் என்னும் மூன்றும் மனித முயற்சியால் ஆளத்தக்கன ஆயின. இனி அவன் நாடுவன சாவாமை, மாறா இன்பம், தெய்வத்தன்மை என்பது 2016-இல் அவர் கூறியது. அம்மூன்றும் அறவே ஒழிந்தன என்று அவர் கூறினாரல்லர். ஆதலின், 2020, 2021 என்னும் இரண்டாண்டில் கொரோனாப் பெருநோயை ஒட்டி ஏறக்குறைய ஒரு கோடியே நாற்பத்தொன்பது இலட்சம் பேர் மிகையாக மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டதையும், 2022-இல் உக்ரைனிற் பெரும்போர் மூண்டதையும் எடுத்துக்காட்டி அவரை எள்ளுதல் தகாது. பிணங்களின்மேல் நின்று வாதம் வெல்ல வேண்டுவதில்லை.

யாம் காட்டுவது வேறு. கடவுளென்று தாம் சொல்வது எல்லாம்வல்ல முதல்வனையன்று, கிரேக்கர் தெய்வங்களையும் இந்துக்களின் தேவர்களையும் போன்றாரையே என்று அந்நூலில் அவரே விளக்குகின்றார். நன்று! தேவர் யாவர்? நம் நூல்களில் அவர்கள் பசு வருக்கத்தினர். மும்மலமும் உடைய சகலர். சூரபன்மன் ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் வரம் பெற்றான் என்று கந்தபுராணம் கூறும். அதனால் அவன் பதியாயினான் என்று பேதையும் சொல்லான். மருத்துவத்தாற் சாவைத் தள்ளிவைத்தார்க்கும் விபத்தினாற் சாவு நேரக்கூடுமாகலின், அவர்களே உலகில் இதுவரை இருந்தாரினும் மிக்க கவலையுடையராவர் என்று ஹராரியார் எழுதுகின்றார். நீண்ட ஆயுளும் பெரிய வலியும் பெற்றபின்னும் யான் எனது என்னும் ஆணவம் நீங்காதாயின், நீண்டது துன்பத்தின் அளவே. அவர் கூறும் ‘மனிதக் கடவுள்’, உடம்பு மட்டும் மாறிய பசு. அதற்குக் கடவுளென்று தலைப்பிட்டது நூல் விலைபோதற்கு உதவியிருக்கலாம், பொருளுக்கு உதவவில்லை.

இதுகாறுங் கூறியவை வாதத்தில் வெல்லுதல் தோற்றல் அளவினவாகத் தோன்றலாம். இனிக் கூறுவது அங்ஙனமன்று.

எல்லா உயிர்ப்பொருளும் அல்காரிதமே, அஃதாவது இன்னது வந்தால் இன்னது செய்க என்னும் கணக்குமுறையே, என்பது இன்றைய உயிர்நூலாரின் கொள்கையாக அவர் எடுத்துக்கூறுவது. அறிவு வேறு, உணர்ச்சி வேறு. உணர்ச்சி சிறிதுமில்லாத இயந்திரம் அறிவில் மனிதனை மிஞ்சும். மிஞ்சினபின், இயந்திரம் செய்யவியலாத தொழில் ஒன்றும் இல்லாத மக்கட்கூட்டம் ஒன்று தோன்றும். அவர்கள் பொருளாதாரத்திற்குப் பயன்படாத வகுப்பினராவர் என்று அஞ்சுகின்றார். இதனை அவர் விரும்பிக் கூறினாரல்லர், எச்சரிக்கையாகவே கூறினார். ஆயினும் அவர் கொள்கையில் நின்று, அவர்களை ஏன் காக்கவேண்டும் என்பதற்கு விடை கூற முடியுமோ? மனித உரிமையும் கற்பனை என்று முன்னரே சொல்லிவிட்டார். உணர்ச்சியோட்டம் ஒன்றே எஞ்சிற்று. ஓர் ஓட்டத்தை நிறுத்தி, மற்றோர் ஓட்டத்தை மருந்தால் இன்பமயமாக்கிவிட்டால், குறை யாருக்கு?

நம் சித்தாந்தத்திலோ, புத்தி சடம். அது மாயையின் காரியம். ஆன்ம தத்துவம் இருபத்துநான்கனுள் ஒன்று. உயிர் கைக்கொள்ளும் கருவி. மெய்கண்ட தேவர் உடம்பை மாயையாலாகிய இயந்திரம் என்றே கூறினார். ஆதலின் இரும்பாலும் மண்ணின் சாரத்தாலும் ஆகிய இயந்திரம் கணக்கிடுவதும் சதுரங்கமாடுவதும் நமக்கு அச்சந் தருவனவல்ல. ஒரு சடம் செய்வதனை மற்றொரு சடம் செய்தது. அறிவும் உணர்ச்சியும் வேறு வேறு என்று ஹராரியார் புதிதாகக் கண்டு கூறியது, புத்தி வேறு சித்து வேறு என்று சிறு பிராயத்தில் மடத்தில் எமக்குச் சொல்லித்தந்த பாடத்தின் ஒரு கூறே. உயிரின் பெருமை அதன் புத்தியின் கூர்மையாலாவதன்று, செய்யும் தொழிலாலாவதுமன்று. முதல்வன் ஐந்தொழிலும் இயற்றுவது ஒவ்வோர் உயிரின் பொருட்டுமாகலின், பயன்படாத உயிர் என்றொன்று சித்தாந்தத்தில் இல்லை.

எம்மோடு மடத்திற் பயின்றவர் ஒருவர் இருக்கின்றார். சித்தியார் முழுதையும் உரையோடு ஒப்பிக்க வல்லவராயிருந்தவர். இலக்கணத்தில் எமக்கு ஐயம் நேர்ந்தால் அவரிடமே செல்வோம். இப்போது மறதிநோய் முற்றித் தம் மக்களின் பெயரையும் அறியார். உண்ணுதலும் உடுத்தலும் பிறர் கையால். அவர் உறவினர் ஒருவர் எம்மிடத்தே, ‘ஆள் போய்விட்டார், உடம்புதான் இருக்கிறது’ என்றார். ‘தான்’ என்பது நினைவு கட்டும் கதையே என்றால், அவ்வுறவினர் சொன்னது சரி. அங்கே எஞ்சியது செலவு மட்டுமே. அமைச்சர் அனைவரும் கைவிட்டபின்னும் அரசன் உள்ளிருக்கின்றான் என்றால், அவருக்கு நீராட்டி நீறிட்டுக் கஞ்சியூட்டும் அவர் மனைவியார் செய்வது சரி. இவ்விரண்டனுள் எது சரியென்பதே ஹராரியார் நூலுக்கும் நமக்கும் உள்ள வழக்கு. இதனை அவர் நூல் ஓரிடத்தும் எடுத்து விசாரிக்கவில்லை.

எம் மாணாக்கர் பங்குனியில் மீண்டும் வந்தார். இவற்றைச் சொன்னோம். அவர் உடனே ஒப்பவில்லை. மூளை அடிபட்டால் குணமே மாறுகின்றதே, அதற்கு என் சொல்வீர்கள் என்று கேட்டார். கருவி பழுதுபட்டால் வெளிப்பாடு பழுதுபடும் என்று சொன்னதையும் எளிதில் ஏற்கவில்லை. கேட்கட்டும். வாயடைத்து அனுப்பப்பட்டவர் திரும்பி வாரார். அந்நூல்களை எம்மிடமே வைத்துவிட்டு, பரபக்கத்தையும் சிவஞான போதச் சிற்றுரையையும் எடுத்துச் சென்றிருக்கின்றார்.

உயிர்க்குத் தன்செயல் இல்லை, தெரிந்துகொள்ளும் உரிமை என்பது மயக்கம் என்று ஹராரியார் கூறும் பகுதி வினைக்கொள்கையோடு பெரிதும் தொடர்புடையது. இறைவனையின்றி உயிர்க்குச் செயலில்லை என்னும் நம் கொள்கையும் அதுவும் ஒன்றே எனச் சிலர் மயங்குதற்கு இடமுண்டாதலின், அதனைத் தனியே பிறிதோர் இதழில் ஆராய எண்ணியுள்ளோம்.